குடல் பாக்டீரியாவும் உடல் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஒரு சிறிய மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். குலசேகரம், அருமனைப் பக்கமிருந்தும் வருவார்கள். எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலையிலிருந்தும் வருவார்கள். எடை, சர்க்கரை, கொழுப்பு என்று எதற்காக வந்தாலும் பேச்சு கடைசியில் குடல் பாக்டீரியாவில் வந்து நிற்கிறது. ஒரே சந்தேகங்களையே திரும்பத் திரும்பக் கேட்பதால் அவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் 'குடல் பொடி' வாங்கும் வீடுகளிலேயே பெரும்பயறும் காணமும் (கொள்ளும்) வாங்குவது நின்றுபோயிருப்பதைப் பார்க்கிறேன். அந்த வருத்தம்தான் என்னை எழுத வைத்தது.

"வயிற்றில் கிருமி இருந்தால் கொல்லத்தானே வேண்டும்? நீங்கள் வளர்க்கச் சொல்கிறீர்களே, சிஸ்டர்?"

பூச்சி மருந்து கொடுத்து வெளியேற்றும் புழு வேறு, குடலில் வாழும் பாக்டீரியா வேறு. 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவருடைய சொந்தச் செல்களோ 30 லட்சம் கோடி அளவில்தான். பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது. நாம் செரிக்க முடியாத நாரை உடைப்பது, வைட்டமின் கே போன்ற சிலவற்றை உண்டாக்குவது, நோய்க்கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இவற்றின் வேலை.

இவை அனைத்தையும் சேர்த்து எடை போட்டால் சுமார் 200 கிராம் வரும். 'குடலைச் சுத்தம் செய்தால் இரண்டு கிலோ பாக்டீரியா வெளியேறும்' என்று யாராவது பேதி மருந்து விற்றால் நம்ப வேண்டாம். வெளியே போவது தண்ணீரும் மலமும்தான். மறுநாள் எடை திரும்பி வந்துவிடும்.

"நாம் தின்பதை அவையும் தின்கின்றன என்றால் நாம் மெலியத்தானே வேண்டும்?"

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பயற்றின் தோல், கீரைத் தண்டு, வாழைத்தண்டின் நார் போன்றவை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கேதான் பாக்டீரியாக்களுக்குப் பந்தி. அவை நாரைப் புளிக்கவைத்து அசெட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றை நம் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நமக்குக் கிடைக்காமல் போயிருக்கக்கூடிய ஆற்றலில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், புளித்துக் கரையும் ஒரு கிராம் நாரில் சுமார் 2 கலோரி.

ஆக, பாக்டீரியா நமக்குக் கொஞ்சம் ஆற்றலைச் சேர்த்தே கொடுக்கிறது. ஆனால் அதே வேலையில் வேறு இரண்டும் நடக்கின்றன. பாக்டீரியாக்கள் தின்று பெருகி, பிறகு மலத்தோடு வெளியேறுகின்றன. மலத்தின் உலர்ந்த எடையில் கால் பங்கு முதல் பாதி வரை அவைதான். அவற்றின் உடம்பில் இருக்கும் ஆற்றலும் அவற்றோடு போய்விடுகிறது. இன்னொன்று, அந்த அமிலங்கள் குடல் சுவரின் செல்களைத் தூண்டி, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்களைச் சுரக்க வைக்கின்றன. வரவும் உண்டு, செலவும் உண்டு. நார் நிறைந்த சாப்பாட்டில் மொத்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவே முடிகிறது.

"நான் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் உடம்பு வைக்கிறது. எங்கள் அண்ணி எவ்வளவு தின்றாலும் குச்சி மாதிரி இருக்கிறார். இது பாக்டீரியா வேலைதானே?"

இந்த எண்ணத்துக்கு விதை போட்டவை எலி ஆய்வுகள். 2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், பிறந்தது முதல் பாக்டீரியாவே படாமல் வளர்த்த எலிகளுக்கு சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. தின்ற தீனியோ முன்பைவிடக் குறைவு. 2013இல் அதே ஆய்வகம், ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையர்களின் பாக்டீரியாவை எலிகளுக்கு மாற்றியது. பருமனானவரின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. அந்த எலிகளை மெலிந்தவரின் பாக்டீரியா பெற்ற எலிகளோடு ஒரே கூண்டில் வைத்தபோது கொழுப்பு அவ்வளவு ஏறவில்லை. ஆனால் நார் மிகுந்த, கொழுப்பு குறைந்த தீனி கொடுத்தபோதுதான் இது நடந்தது. தீனி மோசமாக இருந்தால் நல்ல பாக்டீரியா வந்தும் தங்கவில்லை. இந்தக் கடைசி வரியைக் குடல் பாக்டீரியா பற்றிய வீடியோக்கள் சொல்வதே இல்லை.

மனிதர்களில் எவ்வளவு? 2023இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. 17 பேரை ஆய்வு விடுதியில் தங்கவைத்து, நாரும் முழுத் தானியமும் நிறைந்த உணவை ஒரு கட்டமும், பதப்படுத்திய உணவை இன்னொரு கட்டமும் கொடுத்து, உண்டதையும் வெளியேறியதையும் கணக்கிட்டார்கள். நார் உணவின்போது உடலுக்குக் கிடைத்த ஆற்றல் நாளொன்றுக்குச் சராசரியாக 116 கலோரி குறைவு. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் இருந்தது. 116 கலோரி என்பது ஒரு பழம்பொரிக்கே (வாழைப்பழ பஜ்ஜிக்கே) காணாது. ஆனாலும் வருடக்கணக்கில் அது பொருட்படுத்த வேண்டிய அளவுதான்.

உங்களுக்கும் அண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு பெரியது. இரட்டையர் ஆய்வுகள் இதைப் பலமுறை காட்டியிருக்கின்றன. மற்றொன்றையும் சொல்ல வேண்டும், மனம் நோக வேண்டாம். 'குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், இளைக்கவே இல்லை' என்று சொன்னவர்களை 1992இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, சொன்னதைவிட மிக அதிகமாகவே சாப்பிட்டிருந்தார்கள். சராசரியாக ஏறத்தாழ பாதியைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளை மிச்சம் வைத்த புட்டு, சர்க்கரை போட்ட நான்கு சாயா, சமைக்கும்போது வாயில் போட்ட தேங்காய்த் துண்டு ஆகியவற்றை யாரும் சாப்பாடு என்று எண்ணுவதில்லை. ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அதிலிருந்து பேசுவோம்.

"மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) அடியோடு விடச் சொல்கிறார்கள். எங்களால் முடியுமா?"

விட வேண்டியதில்லை. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880களில், திருவிதாங்கூரில் ஊக்குவிக்கப்பட்ட பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்த மண்ணின் ஏழைகளை உயிரோடு வைத்தது. விளையில் (தோட்டத்தில்) நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவர்கள் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அது பொருந்தியது.

100 கிராம் கிழங்கில் சுமார் 160 கலோரி. நார் 2 கிராமுக்கும் குறைவு. ஒரு தட்டில் 300 கிராம் வைத்தால் 480 கலோரி. இதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாகிவிடும். பாக்டீரியாக்களுக்குக் கிடைப்பது சொற்பம். ஆகவே தட்டை மாற்றி அமையுங்கள். கிழங்கைத் தட்டின் கால் பங்கில் நிறுத்துங்கள், மீன் கறி இன்னொரு கால் பங்கு, மீதிப் பாதியில் பயறும் முருங்கைக்கீரைத் துவரனும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் தட்டின் பாதியைக் காய்க்கும் பழத்துக்கும்தான் ஒதுக்குகின்றன. கிழங்கோடு சோறும் வைத்துக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே சரக்கு.

கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். கிழங்கிலுள்ள சயனைடு தரும் பொருள் அப்படித்தான் குறைகிறது. 'சத்து போகிறது' என்று குக்கரில் தண்ணீர் வற்ற வேகவைக்கும் புதுப் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

"சோற்றில் தேங்காய் எண்ணெய் விட்டு வேகவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துச் சாப்பிட்டால் கலோரி பாதியாகுமாமே?"

2015இல் இலங்கை ஆய்வாளர்கள் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் சொன்னது அது. ஆய்வகத்தில் அரிசியைச் சோதித்து, சரியான ரகம் கிடைத்தால் கலோரி பாதிக்கு மேல் குறையக்கூடும் என்று கணித்தார்கள். அதைச் சாப்பிட்டு யாரும் இளைத்ததாகக் காட்டவில்லை. நம் பக்கம் தேங்காய் எண்ணெய் என்றாலே மனம் இளகும். செய்தி தீயாகப் பரவிவிட்டது.

வேகவைத்த மாவுச்சத்து குளிரும்போது அதில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறுவது உண்மைதான். இந்தோனேசியாவில் அளந்தபோது, புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்தது, ஒரு நாள் குளிரவைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராம் ஆனது. 300 கிராம் சோற்றுக்குக் கணக்குப் போடுங்கள்: கூடியது 3 கிராம். ஒவ்வொரு கிராமுக்கும் 2 கலோரி மிச்சம் என்றால் 6 கலோரி. அதற்கு விட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மட்டும் 40 கலோரி இருக்கிறது. சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்படும், பாக்டீரியாக்களுக்கும் தீனி கிடைக்கும். அதற்காகப் பழங்கஞ்சியை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன், எடைக்காக இல்லை. சோற்றை மணிக்கணக்கில் வெறுமனே வெளியில் வைத்துவிட்டுப் பிறகு சூடாக்கிச் சாப்பிட வேண்டாம். வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பாக்டீரியா அதில் வளரும்.

"மட்டை அரிசிக்கு மாறினால் போதுமா?"

நல்ல மாற்றம். தவிடு முழுதும் தீட்டப்படாததால் நாரும் பி வைட்டமின்களும் கூடுதல். கலோரி கிட்டத்தட்ட அதேதான், அளவு குறையாவிட்டால் எடையும் குறையாது.

"பயறு தின்னச் சொல்கிறீர்கள். எனக்கு வாயு ஏறிவிடுகிறது. வெளியில் தலைகாட்ட முடியவில்லை."

பயற்றிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பாக்டீரியா உடைக்கும்போது வாயு வருகிறது. முன்பு சொன்ன அமிலங்கள் உண்டாகும் அதே வேலையின் மறுபக்கம் இது. இரவில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி போதும். அப்புறம் மெல்லக் கூட்டுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குடல் பழகிவிடும். சிறுபயறு கஞ்சியில் தொடங்குவது நல்லது. பெரும்பயறும் காணமும் பிறகு.

ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 30 கிராம் நார் வேண்டும். என்னிடம் உணவுக் குறிப்பு கொண்டு வருபவர்களில் பலர் இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. குடல் எரிச்சல் நோய் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு நாரைக் கூட்டட்டும்.

"தயிரும் மோரும் போதாதா? கடையில் விற்கும் பாட்டில், கேப்சூல் எல்லாம் எதற்கு?"

தயிரின் பாக்டீரியா பெரும்பாலும் வழிப்போக்கர்தான். சில நாளில் குடலை விட்டுப் போய்விடும். தினமும் சாப்பிடச் சொல்வது அதனால்தான். 2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 36 பேரிடம் நடத்திய ஆய்வில், பத்து வாரம் புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின. உடலின் அழற்சிக்கான சில குறியீடுகள் இறங்கின. எடைக் குறைப்புக்கான ஆய்வு அல்ல அது. இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்ட சம்பாரம் (நீர்மோர்) இந்த வெயிலில் சோடாவுக்குப் பதிலாக வந்தால் அதில்தான் எடைக்கு லாபம். இனிப்புப் போட்ட பாட்டில்களை வாங்குமுன் லேபிளில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

கேப்சூல்களில் இப்போது அதிகம் பேசப்படுவது அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியா. 2019இல் பெல்ஜியத்தில் 32 பேர் மூன்று மாதம் பங்கேற்று முடித்த சிறு ஆய்வில் இன்சுலின் வேலை செய்யும் விதம் முன்னேறியது. எடை குறைவோ திடமாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதை வைத்து மாதம் இத்தனை கிலோ என்று விளம்பரம் செய்வது அநியாயம்.

"நாங்கள் மீனும் பீஃபும் சாப்பிடுகிறவர்கள். சைவக்காரர்களுக்கு மட்டும்தான் நல்ல பாக்டீரியாவா?"

போபாலிலும் கேரளத்திலும் 110 ஆரோக்கியமானவர்களின் குடல் பாக்டீரியாவை ஒப்பிட்ட இந்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. தாவர உணவு மிகுந்த போபால் பகுதியில் பிரெவோட்டெல்லா என்ற பாக்டீரியா வகை ஓங்கியிருந்தது. மீனும் இறைச்சியும் சேரும் கேரளத்தில் பாக்டீராய்ட்ஸ், ருமினோகாக்கஸ், ஃபேக்கலிபாக்டீரியம் போன்றவை அதிகம். இரு பக்கமும் ஆரோக்கியமானவர்களே. பியூட்டிரேட் உண்டாக்குவதில் ஃபேக்கலிபாக்டீரியம் பேர் பெற்றது. மத்தி மீனை யாரும் விட வேண்டாம். பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக்குங்கள், பக்கத்தில் காய் வையுங்கள்.

"வீட்டுச் சாப்பாடுதான். சாயங்காலம் மட்டும் பரோட்டாவோ பாக்கெட்டோ. அதுவா பெரிய விஷயம்?"

இந்தப் பக்கத்தில் நான் சொல்வதிலேயே மிகப் பெரிய எண் இங்கேதான் இருக்கிறது. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. முன்பு பார்த்த 116 கலோரியோடு இதை ஒப்பிடுங்கள். பாக்டீரியா தருவதையும் தடுப்பதையும்விட, நம்மை அறியாமல் கூடுதலாகத் தின்ன வைக்கும் உணவு பல மடங்கு வலியது.

பரோட்டா கடையில் கையால் வீசி அடித்தது, அதைப் பாக்கெட் உணவோடு சேர்க்க முடியாதுதான். ஆனால் மைதாவும் எண்ணெயும் என்பதால் பாக்டீரியாவுக்கு அதில் ஒன்றுமில்லை, நமக்குத்தான் எல்லாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதமும் கேரளப் பெண்களில் சுமார் 38 சதவீதமும் அதிக எடையில் இருந்தார்கள். செக்போஸ்டின் இரு பக்கமும் கதை ஒன்றுதான்.

"சர்க்கரைக்குப் பதில் மாத்திரை போட்டுச் சாயா குடிக்கிறேன். அது பாக்டீரியாவைக் கெடுக்குமா?"

சிலரிடம் சில செயற்கை இனிப்புகள் குடல் பாக்டீரியாவை மாற்றுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன, எல்லோரிடமும் இல்லை. எடைக் கட்டுப்பாட்டுக்காக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும். மற்றவர்கள் இனிப்பை மெல்லக் குறைத்துக் பாலும் இல்லாத கட்டன் சாயாவுக்கு வரலாம்.

"பிள்ளைக்கு அடிக்கடி ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். அதனால்தான் குண்டாகிவிட்டானா?"

கோழிக்கும் பன்றிக்கும் சிறு அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சீக்கிரம் எடை ஏறும் என்பது 1950கள் முதலே பண்ணைக்காரர்களுக்குத் தெரியும்; ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அந்த வழக்கத்தைத் தடை செய்தது. சிறுவயதில் பலமுறை ஆன்டிபயாட்டிக் எடுத்த குழந்தைகளிடம் பருமன் சற்றுக் கூடுதலாக இருப்பதும் தெரிகிறது. ஆனால் அந்தத் தொடர்பு சிறியது. நிமோனியாவுக்குக் கொடுத்த மருந்துக்காக எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்; அது உயிரைக் காத்தது. சாதாரண சளிக்கு வைரஸ் காரணம் என்பதால் இந்த மருந்து வேலை செய்யாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள்.

"ஊசி போட்டால் குறைகிறதாமே. பயறு செய்வதும் ஊசி செய்வதும் ஒன்று என்று ஒருவர் சொன்னார்."

இரண்டாம் கேள்வியில் சொன்ன ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டதுதான் எடை குறைக்கும் அந்த ஊசி மருந்து. குடலில் சுரக்கும் இயற்கை ஹார்மோன் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசியிலுள்ள செமாக்ளூடைடு என்ற மருந்து பாதியாக ஒரு வாரம் ஆகும். பயற்றின் வேலை சிறியது, தினசரியானது. மருந்தின் வேலை பெரியது, பக்கவிளைவுகளும் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்க வேண்டாம், தோல்வி என்றும் நினைக்க வேண்டாம். பசி குறைந்த அந்த நாட்களிலும் மீனும் பயறும் குறையக் கூடாது.

"மெலிந்தவரின் பாக்டீரியாவை எடுத்து எனக்கு வைத்துவிட முடியாதா?"

ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை மாற்றும் சிகிச்சை உண்டு. சி டிஃபிசில் என்ற கடும் குடல் தொற்றுக்கு அது நன்றாகப் பலித்திருக்கிறது. எடைக்குச் செய்து பார்த்த ஆய்வுகளில் ஏமாற்றமே. 2012இல் ஆம்ஸ்டர்டாமில் 18 ஆண்களிடம் செய்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறன் ஆறு வாரத்தில் முன்னேறியது, எடை மாறவில்லை. மாறாக, 2015இல் அமெரிக்காவில் வெளியான ஒரு குறிப்பில், மகளிடமிருந்து இந்தச் சிகிச்சை பெற்ற பெண் ஒருவர் அதற்குப் பிறகு பருமனானார். சிகிச்சையின்போதே மகளும் அதிக எடையில் இருந்தார். ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது. எலிகளில் கண்டதுபோல, வந்த பாக்டீரியா தங்குவதற்கும் அதற்கேற்ற சாப்பாடு வேண்டும்.

"அப்பா எதையும் மாற்றவில்லை, தானாகவே மெலிகிறார். குடல் சரியாகிவிட்டதா?"

அப்படி நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். பாக்டீரியா மாற்றம் மட்டும் ஒருவரைத் தானாக இப்படி மெலிய வைக்காது என்பது மேலே உள்ள எண்களிலிருந்தே தெரியும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கலாம். முயற்சி இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்கு வந்தால், உணவு ஆலோசகரிடம் வருவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பழைய எடை எழுதிய சீட்டு வீட்டில் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.